பொறி மறுசீரமைப்புக்குப் பின் பழுதறிதல்

பொறி மறுசீரமைப்புக்குப் பின் பழுதறிதல் என்பது, பிரித்துப் புதுப்பித்து மீண்டும் பூட்டப்பட்ட தானுந்துப் பொறியில் தோன்றும் கோளாறுகளின் காரணத்தைக் கண்டறிந்து நீக்கும் முறையாகும். நெடுநாள் ஓடிய பொறியின் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் தேய்மானமே காரணமாக இருக்கும். புதிதாகப் பூட்டிய பொறியிலோ பூட்டும்போது நேர்ந்த பிழையையே முதலில் ஐயுற வேண்டும். இப்பிழைகளுள் பலவற்றைப் பொறியை மீண்டும் பிரிக்காமலேயே கண்டறியலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் வீடுகளில் பரவலாகப் புதுப்பிக்கப்படும் செவர்லே ஸ்மால் பிளாக் வி8 பொறி இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இது 1955இல் 265 கன அங்குலக் (4.3 லிட்டர்) கொள்ளளவுடன் அறிமுகமானது. இதன் புகழ்பெற்ற 350 கன அங்குல (5.7 லிட்டர்) வடிவம் 1967இல் வெளிவந்தது.

எண்ணெய் அழுத்தம்

இப்பொறியின் எண்ணெய் பம்பு டிஸ்ட்ரிபியூட்டரின் அடிமுனையிலிருந்து இயக்கப்படுகிறது. எனவே டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அதற்குரிய கருவியை மின் துளைப்பானில் பொருத்திப் பம்பை வலஞ்சுழியாகச் சுழற்றினால், பொறியை இயக்கும் முன்பே எண்ணெய் அழுத்தத்தைச் சோதிக்கலாம். நிமிடத்திற்கு 1000 சுற்றுகளுக்கு ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ அழுத்தம் என்பது வழக்கிலுள்ள கணக்கு. அழுத்தமே எழாவிடில், எண்ணெய் வழிகளின் முன்புற அடைப்பான்கள் பொருத்தப்படாமல் விடுபட்டிருக்கலாம்.

பொறி இயங்காமை

நான்கடிப் பொறியில் ஒரு சுழற்சிக்கு கிராங்க் தண்டு இருமுறை சுற்றுகிறது. ஆகவே முதல் பிஸ்டன் இருமுறை உச்சியை அடையும். அவற்றுள் ஒன்றே அமுக்க அடிப்பின் முடிவாகும். மற்றதை அடையாளமாகக் கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தினால் எரியூட்டல் 180 பாகை மாறிவிடும். பொறி இயங்காது, கார்புரேட்டர் வழியே தீ வெடிக்கும். முதல் உருளையின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிப் பொறியைச் சுற்றினால், காற்று விரலைத் தள்ளும் சுற்றே சரியானது.

எரியூட்டல் வரிசை 1-8-4-3-6-5-7-2 ஆகும். அடுத்தடுத்து எரியும் 5, 7 ஆகியவை அருகருகே உள்ள உருளைகள். இவற்றின் கம்பிகள் ஒட்டி இணையாகச் சென்றால், மின் தூண்டலால் 7ஆம் உருளை முன்கூட்டியே எரியக்கூடும்.

முதல் இருபது நிமிடங்கள்

தட்டை டேப்பட் கொண்ட பழைய வகைப் பொறிகளில், புதிய கேம் தண்டு முதல் இயக்கத்திலேயே படிய வேண்டும். கேம் தண்டின் முனைப்புகளுக்குக் கிராங்க் தண்டு சிதறடிக்கும் எண்ணெயே முதன்மையாகக் கிடைப்பதால், பொறியை மெதுவாக ஓடவிடாமல் நிமிடத்திற்கு 2000 முதல் 2500 சுற்றுகளில் சுமார் 20 நிமிடங்கள் இயக்க வேண்டும். துத்தநாகச் சேர்மம் மிகுந்த எண்ணெய் தேவை. இக்கட்டத்தில் பிழை நேர்ந்தால் முனைப்புகள் தேய்ந்து, உலோகத் துகள்கள் பேரிங்குகளையும் கெடுக்கும். முழு உழைப்பும் வீணாகும். ஆகவே எரியூட்டல், எரிபொருள், குளிர்நீர் ஆகியவற்றை முன்பே சரிபார்ப்பது இன்றியமையாதது.

அமுக்கக் குறைவு

ராக்கர்களை மிகையாக முறுக்கினால் வால்வுகள் முழுமையாக மூடா. நீரியல் டேப்பட்டுகளில் இடைவெளி மறைந்த பின் அரை முதல் ஒரு சுற்று முறுக்கினால் போதும். ராக்கர்கள் சரியாக இருந்தும் அமுக்கம் குறைந்தால், இரு வால்வுகளும் மூடிய நிலையில் உருளைக்குள் காற்றைச் செலுத்தி, கசியும் இடத்தைக் கேட்டறியலாம்:

* கார்புரேட்டரில் ஒலி: உட்செல் வால்வு
* புகைப்போக்கியில் ஒலி: வெளியேற்ற வால்வு
* எண்ணெய் ஊற்றும் வாயில் ஒலி: பிஸ்டன் வளையங்கள்
* ரேடியேட்டரில் குமிழ்கள்: தலை கேஸ்கெட் அல்லது வெடிப்பு

புகை, வெப்பம், அதிர்வு

* நீலப் புகை: வளையங்கள் படியும்வரை சிறிதளவு இயல்பே. தொடர்ந்தால் வால்வுத் தண்டு அடைப்புகளையும் உட்செல் பன்மடியின் கேஸ்கெட்டையும் சோதிக்க வேண்டும்.
* மிகை வெப்பம்: 400 கன அங்குல வடிவத்தில் (1970-1980) உருளைகள் ஒட்டியமைந்துள்ளதால் நீராவித் துளைகள் உண்டு. அத்துளைகள் இல்லாத தலையையோ கேஸ்கெட்டையோ பொருத்தினால் நீராவி தேங்கிப் பொறி சூடேறும்.
* அதிர்வு: 1986 முதல் பின்புற எண்ணெய் அடைப்பு ஒற்றைத் துண்டானது. அவ்வகைக் கிராங்க் தண்டுக்குச் சமன் எடை கொண்ட சமனுருள் வேண்டும். பழைய வகையைப் பூட்டினால் பொறி அதிரும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* கிராங்க் தண்டு
* கார்புரேட்டர்