மணியாச்சி முதல் நிர்பீக் வரை: மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கியின் வரலாறு

ஒரு கையால் பிடித்துச் சுடக்கூடியதும், சட்டைக்குள்ளோ இடுப்பிலோ வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளத் தக்கதுமான சிறிய துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி என்பர். அமெரிக்காவில் இன்று அன்றாடப் பாதுகாப்புக்கென இவ்வகைத் துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கைப்பேசி வாங்குவதைப் போன்ற ஒரு நுகர்வோர் விவகாரம். எடை என்ன, எத்தனை தோட்டா கொள்ளும், மேலே ஒளிப்புள்ளிக் குறிநோக்கி பொருத்த இடம் உண்டா என்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். இந்தியாவில் இந்தத் தேர்வின் பெரும்பகுதியை வாங்குபவருக்கு முன்பே சட்டம் செய்து முடித்துவிடுகிறது. அது எப்படி நேர்ந்தது என்பதற்குத் தமிழகத்தின் ஒரு இரயில் நிலையம் நல்ல தொடக்கம்.

மணியாச்சி, 1911

1911 ஜூன் 17 அன்று காலை, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். மணியாச்சி சந்திப்பில் அவர்களுடைய முதல் வகுப்புப் பெட்டி, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகக் காத்து நின்றது. செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் பெட்டியை நெருங்கி மிக அருகிலிருந்து ஆஷைச் சுட்டார். பிறகு நடைமேடையில் ஓடி, அங்கிருந்த கழிப்பறைக்குள் புகுந்து, அதே துப்பாக்கியால் தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தைப் பற்றியும், அவரது நோக்கம் எது என்பதைப் பற்றியும் இன்றுவரை விவாதம் நடக்கிறது. அதை வேறொரு கட்டுரைக்கு விட்டுவிடுவோம். இங்கே நாம் பார்க்க வேண்டியது அவர் கையில் இருந்த கருவி.

அது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. மாவட்டத்தின் மிக உயர்ந்த அதிகாரி அமர்ந்திருந்த பெட்டி வரை ஓர் இளைஞர் எவர் கண்ணிலும் படாமல் அதைக் கொண்டுபோக முடிந்தது. நீண்ட குழல் துப்பாக்கியாக இருந்திருந்தால் நடைமேடையிலேயே மடக்கியிருப்பார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் உரிமம் இன்றி அதை வைத்திருப்பதே குற்றம். ஆனால் பக்கத்தில் இருந்த புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சிப் பகுதி; ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. 1910 இறுதியில் புதுச்சேரி வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயரிடம் வாஞ்சிநாதன் சுடும் பயிற்சி பெற்றதாகக் கூறுவர். ஐரோப்பாவிலிருந்து பிரௌனிங் துப்பாக்கிகள் இரகசியமாக இந்தியா வருவதும் அப்போது புதிதன்று. 1909 டிசம்பரில் நாசிக்கில் ஆட்சியர் ஜாக்சனைக் கொன்றதும் சாவர்க்கர் இலண்டனிலிருந்து அனுப்பிய பிரௌனிங்குகளில் ஒன்றே.

சிறிய துப்பாக்கி பிறந்த கதை

சட்டைப்பையில் அடங்கும் துப்பாக்கி பிரௌனிங்குக்கு முன்பும் இருந்தது. பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்த குட்டைத் துப்பாக்கி ஒரே ஒரு குண்டைத்தான் சுடும். 1865 ஏப்ரல் 14 இரவு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட பூத் பயன்படுத்தியது அத்தகைய ஒன்றே. சாமுவேல் கோல்ட்டின் ரிவால்வர் அடுத்தடுத்துப் பல குண்டுகளைச் சுடும். ஆனால் தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை இடுப்பில் புடைத்துத் தெரியும்.

அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரௌனிங் இந்தப் புடைப்பை நீக்கினார். தோட்டாக்களைக் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். குண்டு வெளியேறும்போது பின்னோக்கி உதைக்கும் விசையே மேலுள்ள உறையைப் பின்னே தள்ளி, வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, அடுத்ததை ஏற்றும்படி செய்தார். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் தயாரித்த 1900 மாதிரி சுமார் 17 சென்டிமீட்டர் நீளம், 625 கிராம் எடை, கைப்பிடிக்குள் 7 தோட்டா. தட்டையான வடிவம் என்பதால் கோட்டுக்குள் வைத்தாலும் வெளியே தெரியாது. 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றதும் அவர் வடிவமைத்த இன்னொரு மாதிரியே. ஆட்சியாளர்கள் இந்தக் கருவியைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது.

சட்டமும் குழல் விட்டமும்

லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் கேட்டது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. குடகு மக்களுக்கு அக்காலத்தில் கிடைத்த தனி விலக்கு இன்றும் தொடர்கிறது. அண்மைய நீட்டிப்பு 2029 வரை. சட்டத்தின் இனப்பாகுபாடு தேசிய இயக்கத்தை மிகவும் உறுத்தியது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமைக்காகக் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. காந்தியடிகள் ஒரு பெரெட்டா கைத்துப்பாக்கிக்குப் பலியாகி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத் தருகிறது. ஆயுதம் என்ற சொல் அங்கே உரிமையாக வராமல் நிபந்தனையாக வருவதை மாணவர்கள் கவனிக்கலாம்.

ஆங்கிலேயரின் இன்னொரு வழக்கம் குழல் விட்டத்தை வைத்துத் தடை விதிப்பது. இராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் பொருந்தினால், திருடிய தோட்டாக்களுக்கு வெளியே சந்தை உருவாகிவிடும். 1907இல் .450 அளவுத் துப்பாக்கிகளுக்கு இந்தியாவில் தடை வந்தபோது, புலி வேட்டைக்காரர்களுக்காக இங்கிலாந்துத் தொழிலகங்கள் .465, .470 என்று புது அளவுகளையே உருவாக்கின! சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோதும் இந்த அணுகுமுறை தொடர்ந்தது. உலகம் முழுவதும் இன்று பரவலாக உள்ள 9 மி.மீ. கைத்துப்பாக்கி இந்தியாவில் தடை செய்யப்பட்ட வகை. சாதாரண உரிமதாரருக்குப் பெரும்பாலும் எஞ்சுவது .32. அரசுத் தொழிற்சாலையின் .32 பிஸ்டலில் இடும் தோட்டா, பிரௌனிங் தம் 1900 மாதிரிக்காக வடிவமைத்த அதே 7.65 மி.மீ. தோட்டாதான். நூற்றாண்டுக்கு முன் இரகசியமாகக் கடத்தி வரப்பட்ட துப்பாக்கிகளுக்கு உரிய தோட்டா இன்று உரிமதாரரின் தோட்டாவாக இருப்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

நிர்பீக்

1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின், வாங்குவோர் அரசுத் தொழிற்சாலைகளையே நம்ப வேண்டியதாயிற்று. 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பின், கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை 2014 ஜனவரியில் பெண்களுக்கென நிர்பீக் என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. கைப்பையில் வைக்க வசதியாக 500 கிராம் எடை. டைட்டானியம் கலந்த உலோகம். விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற மெரூன் நிறப் பெட்டியில் வைத்து விற்றார்கள்.

இரவுப் பணி முடித்துப் பேருந்துக்கு நிற்கும் பெண்ணின் பாதுகாப்புக்கு இது விடையா என்ற கேள்வி உடனே எழுந்தது. ஓராண்டுச் சம்பளத்துக்கும் மேல் விலை கொடுக்கக்கூடிய பெண்கள் பேருந்துக்குக் காத்து நிற்பவர்கள் அல்லர். திடீரென நிகழும் தாக்குதலில் கைப்பையைத் திறக்க அவகாசம் கிடைக்குமா, ஆயுதம் தாக்குபவன் கைக்குப் போகாதா என்றும் ஆயுத எதிர்ப்பு இயக்கத்தினர் கேட்டனர். அவர்கள் கேட்டது சரி என்றே நான் கருதுகிறேன். தெருவிளக்கும் ரோந்தும் தரவேண்டிய பாதுகாப்பை ஒரு பெட்டியில் வைத்து விற்க முடியாது. ஆனாலும் உரிமம் பெற்றுப் பயிற்சியும் எடுத்த ஒரு பெண் தன் உயிரைக் காக்க விரும்புவதைத் தவறென்றும் சொல்வதற்கில்லை. 2023இல் வந்த பிரபல் என்ற ரிவால்வரும் இதே .32 அளவினதே.

ஒளிப்புள்ளிக் குறிநோக்கி

சிறிய துப்பாக்கியில் குறி தவறுவது எளிது. முன், பின் குறிமுனைகளுக்கு இடையே தூரம் குறைவு. கை சற்று அசைந்தாலும் பிழை பெரிதாகும். பின்முனை, முன்முனை, இலக்கு மூன்றையும் கண் ஒரே கோட்டில் கொணர வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பொருள் மங்கும் கண்ணுக்கு இது கடினம் (கரும்பலகை தெரியும், வருகைப் பதிவேடு தெரியாது என்ற நிலையை அறிந்த ஆசிரியர்களுக்கு விளக்கம் வேண்டாம்). ஒளிப்புள்ளிக் குறிநோக்கியில் சிறு விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். இலக்கை மட்டும் பார்த்து அதன்மேல் புள்ளியை வைத்தால் போதும். க்ளாக் நிறுவனம் 2015 முதல் இதைப் பொருத்துவதற்கான பள்ளத்தை ஆலையிலேயே வெட்டிக் கொடுத்தது; சிறிய வகைகளுக்கும் அது விரைவில் பரவியது. வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அடிப்படை உரிமை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்த பின் அங்கே இச்சந்தை மேலும் விரிந்தது.

உரிமம்

இந்தியாவில் விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடமும், மாநகரங்களில் காவல் ஆணையரிடமும் போகும். காவல்துறை அறிக்கை பெற்று, தேவை உண்டா என்று பார்த்தே முடிவு செய்வர். 2019 திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்து ஆண்டு செல்லும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மறைத்து எடுத்துச் செல்வதற்கே தனி அனுமதி வேண்டியிருந்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளோ, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் முழுதும் மூடப்பட்டே இருக்க வேண்டும் என்கின்றன. வெளியே காட்டி மிரட்டுவதுதான் இங்கே குற்றம்.

உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் அதிலேயே குறிக்கப்படும். மணவூர், திருத்தணி போன்ற எல்லையோர ஊர்க்காரருக்கு இது சிறிய செய்தியன்று. விண்ணப்பம் திருவள்ளூர் ஆட்சியரிடம். ஆனால் பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் ஆந்திராவின் நகரி வந்துவிடும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் உரிமத்துடன் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த எல்லையைக் கடந்தால், அவர் சட்டத்தின் முன் உரிமமில்லாதவர். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டாலோ எல்லைக்குள் இருந்தாலும் பெரும்பாலான உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து இரசீது பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.