ராணி மீனாட்சிக்குச் செய்த சத்தியம்

மதுரை நாயக்கர் நாட்டை ஆண்ட ராணி மங்கம்மாளின் பேரன் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் 1732-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். திருச்சிக் கோட்டையில் அவருடைய ராணி மீனாட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். நாயக்கர் கிளைவழியில் வந்த பங்காரு திருமலையின் மகன் விஜயகுமாரனைத் தத்தெடுத்தார். வினை அங்கேதான் முளைத்தது. மகனைக் கொடுத்த பங்காருவே அரியணைக்கு உரிமை கேட்டார். படைக்குத் தலைவரான தளவாய் வேங்கடாச்சாரியும் அவர் பக்கம் சாய்ந்தார்.

1734-இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி, மகன் சப்தர் அலியையும் மருமகன் சந்தா சாகிபையும் தெற்கே அனுப்பினார். சப்தர் அலி பங்காருவுக்குச் சாதகமாகப் பேச, ராணியோ சந்தா சாகிபுக்கு ஒரு கோடி ரூபாய் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டார். சந்தா குர்ஆன்மீது சத்தியம் செய்தார். பட்டுத்துணிக்குள் இருந்தது குர்ஆனே அல்ல, செங்கல்தான் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதை எனக்கு உவப்பில்லை. அது ராணியை ஏமாளியாக்கிவிடுகிறது. தளவாயே எதிரணிக்குப் போனபின், கோட்டை வாசலில் நிற்கும் அந்நியப் படையோடு பேரம் பேசுவதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன வழி இருந்தது?

ஜப்பானில் ஒசாகா கோட்டையை மகன் ஹிதெயோரிக்காகக் காத்து நின்ற யோதோ சீமாட்டியும் இப்படித்தான் சிக்கினார். 1614-இல் முற்றுகையிட்ட தொகுகாவா இயெயாசு சமாதானம் பேசினார். அகழிகளைத் தூர்த்தார். மறு ஆண்டே படையோடு திரும்பினார். தாயும் மகனும் எரியும் கோட்டைக்குள்ளேயே உயிரை விட்டார்கள்.

சந்தா சாகிபும் திரும்பினார், 1736-இல். நண்பராகக் கோட்டைக்குள் நுழைந்தவர் ஆட்சியைக் கைப்பற்றினார். மதுரையில் இருந்த பங்காருவை அவருடைய படை அம்மையநாயக்கனூரில் முறியடித்தது. மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு ரயிலில் போகும்போது தாண்டும் கொடை ரோடு நிலையம் அந்த ஊரில்தான் இருக்கிறது. பங்காரு சிவகங்கைக்குத் தப்பினார். அரண்மனையில் சிறைவைக்கப்பட்ட மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார். மதுரை நாயக்கர் ஆட்சி அவரோடு முடிந்தது.

1741-இல் திருச்சியைப் பிடித்த மராட்டியர், சந்தா சாகிபைக் கைதியாக சதாராவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை அழைத்தவர்களில் பங்காருவும் ஒருவர்.

(தொடரும்)