பத்துப் பவுண்டு வியப்பு

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' 1622-இல் தனி நூலாக அச்சானது. மறு ஆண்டே அவருடைய நாடகங்களின் பெருந்தொகுப்பிலும் வந்தது. இரண்டையும் ஒப்பிட்டால், முதல் அச்சில் உள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆணைச் சொற்கள் தொகுப்பில் காணாமற் போயிருக்கின்றன. பாத்திரங்கள் திகைப்பிலும் சினத்திலும் உதிர்க்கும் 'ஸூண்ட்ஸ்', 'ஸ்ப்ளட்' போன்றவை அவை. முன்னது கடவுளின் காயங்கள்மீது இட்ட ஆணை, பின்னது அவர் இரத்தத்தின்மீது இட்டது. தேய்ந்து தேய்ந்து ஓரசையாகிவிட்டன.

தேய்ந்தும் அவை தப்பவில்லை. 1606-இல், முதலாம் ஜேம்ஸ் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. கடவுள், இயேசு, தூய ஆவி, திரித்துவம் ஆகிய பெயர்களை மேடையில் விளையாட்டாகவோ இழிவாகவோ சொன்னால், ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு தண்டம். பாதி அரசருக்கு, மறுபாதி வழக்குத் தொடுத்தவருக்கு. முழு நாடகம் ஒன்றை எழுதித் தந்தவருக்கே அன்று கிடைத்தது ஏறக்குறைய 6 பவுண்டுதான். தரையில் நின்று பார்க்கக் கட்டணம் ஒரு பென்னி என்பதால், ஒரே ஒரு வாய்தவறல் 2,400 பேர் கொடுத்த காசை விழுங்கிவிடும். சட்டம் குறிவைத்தது மேடைப் பேச்சை மட்டுமே, அச்சை அல்ல. ஆனாலும் அரங்கத்துக்காகத் துடைத்தெடுத்த பிரதிகள் அச்சகத்துக்கும் போய்ச் சேர்ந்தன.

எது ஆணை, எது வெறும் வியப்பு? இந்தச் சிக்கல் 1634-இல் அரசர் வரை போனது. டாவெனன்ட் எழுதிய 'த விட்ஸ்' நாடகத்தில், தணிக்கை அதிகாரி ஹென்றி ஹெர்பர்ட் பல சொற்களை அடித்துவிட்டார். அரசர் முதலாம் சார்லஸ் பிரதியை வாங்கிப் பார்த்து, 'ஃபெய்த்', 'டெத்', 'ஸ்லைட்' ஆகியவை ஆணைகள் அல்ல, பேச்சுக்கு அழுத்தம் தருபவை மட்டுமே என்று தீர்ப்பளித்தார். ஹெர்பர்ட் பணிந்தார். ஆனால் அவை ஆணைகளே என்ற தம் கருத்தையும் அலுவலகக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அரசரே சொன்னபிறகும் மனச்சான்றை விட்டுக்கொடுக்காத அந்த வரி மதிக்கத்தக்கது.

1606 சட்டம் வருமுன்பே ஆங்கிலேயர் பெயர்களை மறைத்துப் பேசப் பழகியிருந்தார்கள். பிசாசின் பெயரைத் தவிர்க்க 'வாட் த டிக்கன்ஸ்' என்றார்கள். ஷேக்ஸ்பியரின் 'வின்ட்சர்' நகைச்சுவை நாடகத்தில் அது இருக்கிறது. அது நாவலாசிரியர் டிக்கன்ஸின் பெயரிலிருந்து வந்ததல்ல; அவர் பிறந்ததோ 1812-இல்!

மேடைக்கு வெளியிலும் தண்டம் தொடர்ந்தது. 1745-ஆம் ஆண்டுச் சட்டம் தகுதி பார்த்து விலை வைத்தது: கூலியாளும் படைவீரரும் ஓர் ஆணைக்கு 1 ஷில்லிங், கனவான் 5 ஷில்லிங். தேவாலயங்களில் ஆண்டுக்கு நான்கு முறை அதை வாசித்துக் காட்டவும் வேண்டியிருந்தது. அதன் நிழலில்தான் கடவுளை மறைத்த 'காஷ்', கிறிஸ்துவை மறைத்த 'கிரைக்கி', 'கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்' என்பதன் சுருக்கமான 'பிளைமி' எல்லாம் தெருவில் நடமாடின. அந்தச் சட்டம் 1967 வரை ஏட்டில் இருந்தது.