இந்திய உடம்புக்கு வேகம் வராதா? ஒரு முதுகுவலியும் 90 வருஷக் கதையும்

1/ குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சாச்சு. தென்காசி சுத்துவட்டாரத்துல மைதானமெல்லாம் சேறு. டோர்னமென்ட் நின்ன உடனே எங்க ஓ.பி.க்கு ஒரு தனிக் கூட்டம் வரும். தோள்வலி, முட்டிவலி, முதுகுவலி. அப்படி வந்தவன் ஒரு 17 வயசுப் பையன். வேகப்பந்து வீசுறவன். கூட அவன் அப்பா. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ பையன் வாயைத் திறக்குறதுக்குள்ள அப்பா சொல்லிட்டார். "சார், நம்ம உடம்புக்கு ஃபாஸ்ட் பவுலிங் எல்லாம் சரிப்படாது. சாம்பார் சோறு திங்கிற உடம்பு. பேட்டிங் மட்டும் பாருலேன்னு சொன்னா கேக்க மாட்டேங்கான்."

இதை நீங்களும் கேட்டிருப்பீங்க. இந்தியா பேட்டிங்ல புலி, பவுலிங்ல எலி, காரணம் நம்ம உடல்வாகுன்னு. ஒரு டாக்டரா எனக்கு இதுல உடன்பாடு இல்ல. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாசிங்க.

3/ முதல்ல 1932-க்குப் போவோம். ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம். இந்தியாவோட முதல் டெஸ்ட் மேட்ச். கேப்டன் சி.கே. நாயுடு. இங்கிலாந்துக்கு ஆரம்ப ஆட்டக்காரர்கள் ஹோம்ஸ், சட்கிளிஃப். பத்து நாளுக்கு முன்னாடிதான் யார்க்‌ஷயர் அணிக்காக ரெண்டு பேரும் சேர்ந்து 555 ரன் அடிச்சிருந்தாங்க.

அந்த ரெண்டு பேரையும் கிளீன் போல்டாக்கினவர் முகமது நிசார். கொஞ்ச நேரத்துல இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட். மறுமுனையில அமர் சிங். அந்த மேட்ச்ல நாம தோத்தோம். ஆனா தோத்தது பவுலிங்கால இல்ல. அன்னிக்கு நம்ம பவுலிங்தான் புலி, பேட்டிங்தான் எலி!

4/ நம்ம மெட்ராஸும் சளைச்சது இல்ல. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சி டிராபி வரலாற்றோட முதல் பந்தை வீசினவர் எம்.ஜே. கோபாலன், வேகப்பந்து வீச்சாளர். ஹாக்கியிலயும் பெரிய ஆட்டக்காரர். அடுத்து வந்த சி.ஆர். ரங்காச்சாரி, 1948-ல் டெல்லியில பலம் வாய்ந்த வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா ஒரே இன்னிங்ஸ்ல 5 விக்கெட் எடுத்தார். இவங்களும் சோறு தின்ன உடம்புதான்.

5/ அப்போ வேகம் எங்க போச்சு?

அமர் சிங் 1940-ல் 29 வயசுலயே இறந்துட்டார். 1947-ல் நாடு பிரிஞ்சப்போ நிசார் பாகிஸ்தான் பக்கம். ஆஸ்திரேலியா போற இந்திய அணிக்குத் தேர்வாகியிருந்த ஃபசல் மகமூதும் அங்கேயே தங்கிட்டார். 1952-ல் லக்னோவுல அதே ஃபசல் நமக்கு எதிரா 12 விக்கெட் எடுத்தார். நம்மகிட்ட மிச்சம் இருந்தது வறண்ட ஆடுகளமும் நல்ல சுழற்பந்து வீச்சாளர்களும்.

6/ அதுக்கப்புறம் வேகத்தையே நாம கைவிட்டுட்டோம். புதுப் பந்தோட பளபளப்பு சீக்கிரம் போனாத்தான் ஸ்பின்னருக்குப் பிடி கிடைக்கும்னு, பந்தைத் தரையில தேய்ச்ச காலம் அது.

1967 எட்ஜ்பாஸ்டன் டெஸ்ட்ல பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம்ம வெங்கட்ராகவன்னு நாலு ஸ்பின்னரும் ஒண்ணா ஆடினாங்க. புதுப் பந்தை யார் கையில குடுத்தாங்க தெரியுமா? குந்தரன். அவர் ஒரு விக்கெட் கீப்பர்! பின்னாடி பல டெஸ்ட்டுகள்ல கவாஸ்கரே ஓடி வந்து ஒண்ணு ரெண்டு ஓவர் போட்டிருக்கார்.

7/ இதுல ஒரு பக்கவிளைவும் உண்டு. நெட்ல வேகத்தையே பாக்காத பேட்ஸ்மேன் வெளிநாட்டுல என்ன செய்வார்? 1952 லீட்ஸ் டெஸ்ட்ல முதல் இன்னிங்ஸ்ல மஞ்ரேக்கர் 133 அடிச்சார். ரெண்டாவது இன்னிங்ஸ்ல இந்தியா பூஜ்ஜியத்துக்கு 4 விக்கெட்! அதுல 3 புதுமுகம் ட்ரூமனோடது. பவுலிங்கைப் பட்டினி போட்டா பேட்டிங்கும் சேர்ந்து மெலியும்.

8/ 1978 அக்டோபர், ஃபைசலாபாத். கவாஸ்கர் தன் டெஸ்ட் வாழ்க்கையில எடுத்த ஒரே விக்கெட் (ஜாகீர் அப்பாஸ்) இந்த மேட்ச்லதான். இதே மேட்ச்ல அறிமுகமான 19 வயசுப் பையன்தான் கபில்தேவ்.

இளம் வீரர்களுக்கான முகாம் ஒண்ணுல, நான் வேகப்பந்து வீசுறவன், இந்தச் சாப்பாடு பத்தாதுன்னு கேட்டதுக்கு, இந்தியாவுல வேகப்பந்து வீச்சாளரே கிடையாதேன்னு சிரிச்சாங்கன்னு கபில் பல தடவை சொல்லியிருக்கார். அவர் ஓய்வு பெறும்போது 434 விக்கெட். அன்னிக்கு அது உலக சாதனை.

9/ ஆனா ஒரு கபில் வந்தா போதுமா? 1987-ல் நம்ம சென்னையில எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாங்க. சேத்துப்பட்டு பள்ளிக்கூட மைதானம். பயிற்சியாளர் ஆஸ்திரேலியாவோட டென்னிஸ் லில்லி. கூடவே தமிழ்நாட்டு டி.ஏ. சேகர். சேகர் ஆடினது 2 டெஸ்ட், விக்கெட் பூஜ்ஜியம். ஆனா ஸ்ரீநாத், பிரசாத், ஜாகீர் கான்னு அங்க பட்டை தீட்டப்பட்டவங்க பட்டியல் பெருசு. பள்ளி மாணவன் சச்சினும் வேகப்பந்து வீசணும்னு அங்க போனவர்தான். பேட்டிங்கைப் பாருன்னு லில்லி திருப்பி அனுப்பிட்டார். நல்லவேளை!

10/ ஒரு அகாடமியால ஒரே நாள்ல எல்லாம் மாறாது. 1997 கொழும்பு: நாம 8 விக்கெட்டுக்கு 537. இலங்கை திருப்பி அடிச்சது 6 விக்கெட்டுக்கு 952. ரெண்டு முழு நாள் ஒரு விக்கெட்கூட விழல. 2004 சிட்னி: காலைல 5 மணிக்கு எந்திச்சு டிவி முன்னாடி உக்காந்தேன். சச்சின் 241, லட்சுமண் 178, மொத்தம் 7 விக்கெட்டுக்கு 705. மேட்ச் டிரா. 2008 சேப்பாக்கம்: சேவாக் 319. அதுவும் டிரா.

டெஸ்ட்ல எவ்வளவு ரன் அடிச்சாலும், டிக்ளேர் கிக்ளேர் பண்ணாத எதிரணியோட 20 விக்கெட்டையும் எடுத்தாத்தான் ஜெயிக்க முடியும்.

11/ மாற்றம் மெதுவா வந்தது. அகாடமி, பிசியோ, உணவு, ஒருத்தர் வாரத்துக்கு எத்தனை பந்து வீசலாம்னு கணக்கு. 2018-19-ல் பும்ரா, ஷமி, இஷாந்த் கூட்டணியோட ஆஸ்திரேலியாவுல முதல் டெஸ்ட் தொடர் வெற்றி.

2021 ஜனவரி பிரிஸ்பேன் இன்னும் பெரிசு. பும்ராவும் இல்ல, ஷமியும் இல்ல. ஆனாலும் 20 விக்கெட்டும் விழுந்துச்சு. முதல் இன்னிங்ஸ்ல 3 விக்கெட் நம்ம நடராஜனோடது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி, டென்னிஸ் பந்துல ஆடி வந்தவர்.

1932-க்கும் 2021-க்கும் நடுவுல நம்ம ஜீன் மாறல. வாய்ப்பும் கவனிப்பும்தான் மாறுச்சு.

12/ இப்போ அந்தப் பையன்கிட்ட வருவோம். மூணு ஊர் டீமுக்கு ஆடுறான். ஞாயிற்றுக்கிழமை மூணு மேட்ச், மத்த நாள் நெட். மூணு மாசமா வலி. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வீசியிருக்கான். பின்பக்கமா வளையச் சொன்னேன். முகம் சுருங்கிடுச்சு. ஆர்த்தோ டாக்டர்கிட்ட அனுப்பினேன். எம்.ஆர்.ஐ.ல கீழ் முதுகெலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு வந்த கீறல்.

பந்தை விடும்போது முன்காலை ஊன்றுறோமே, அப்போ உடல் எடையைப் போல பல மடங்கு விசை இறங்கும். கூடவே முதுகு முறுக்கும். வளர்ற வயசு எலும்பு அதைத் தாங்காது. இது இந்திய எலும்புக்கு மட்டும் வர்றதில்ல.

13/ "அப்போ இனிமே போட முடியாதா சார்?"னு கேட்டான். லில்லி கதையைச் சொன்னேன். 1973-ல் அவருக்கும் முதுகுல இதே மாதிரி முறிவுதான். ஓய்வெடுத்து, உடற்பயிற்சி செஞ்சு, 1974-75-ல் இங்கிலாந்தை அலற விட்டார். அதுக்கப்புறம்தான் சென்னைக்கு வந்து நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தார். பும்ராவும் முதுகு ஆபரேஷன் பண்ணி திரும்ப வந்தவர்தான். அப்பா ஒண்ணும் பேசல. போகும்போது, "எத்தன மாசம் சார் ஓய்வு?"ன்னு மட்டும் கேட்டார்.

14/ பெற்றோருக்கு நாலு விஷயம்:
• வேகப்பந்து வீசுற பிள்ளைக்கு ரெண்டு வாரத்துக்கு மேல கீழ்முதுகு வலின்னா, டாக்டரைப் பாருங்க. பின்பக்கமா வளையும்போது வலிச்சா தள்ளிப் போடவே கூடாது.
• எக்ஸ்ரே நார்மல்னாலும் நம்பி விட்டுடாதீங்க. ஆரம்பக் கீறல் அதுல தெரியாமப் போகலாம்.
• வலி மாத்திரையோ ஊசியோ போட்டுட்டு வீசக் கூடாது.
• எத்தனை பந்துன்னு நோட்டுல எழுதச் சொல்லுங்க. தினமும் வீசக் கூடாது, நடுவுல ஓய்வு நாள் வேணும்.

சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலும் சில மாச ஓய்வுலயும் பயிற்சியிலயும் சரியாகிடும். உங்க தெருவுல வேகமா ஓடி வந்து பந்து போடுற பையனோ பொண்ணோ இருந்தா, இந்தப் பதிவை அவங்க அப்பா அம்மாவுக்கு அனுப்பி வைங்க.