நெஞ்சு நோயும் கைச் சோர்வும்

இதய நோயின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். 1816ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார் என்று தொடங்குவர். ஆலந்து நாட்டு ஐந்தோவன் இதயத்தின் மின்னலைகளைக் கோடுகளாக வரைந்து காட்டி 1924இல் நோபெல் பரிசு பெற்றதைச் சொல்லி முடிப்பர். கருவிகள் பெரியனவே, மறுப்பார் இல்லை. ஆயினும், அவற்றுள் முதற் கருவி தோன்றுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, இதய நோய்களுள் தலையாயது ஒன்று தெளிவாக அடையாளம் காணப்பட்டுவிட்டது. அதனைக் காட்டிக் கொடுத்தவை நோயாளிகளின் வாய்ச்சொற்களே. மேட்டில் ஏறினால் என்ன நேர்கிறது, உண்டபின் நடந்தால் கையில் எவ்விடம் நோகிறது, நின்றால் எத்துணை விரைவில் தீர்கிறது என்னும் எளிய செய்திகளே ஒரு நோயின் இலக்கணமாயின.

அவ்விலக்கணத்தை வகுத்தவர் வில்லியம் ஹெபர்டன் என்னும் ஆங்கில மருத்துவர் (1710–1801). 1768ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் இலண்டன் மருத்துவர் கல்லூரியில் அவர் ஒரு கட்டுரை படித்தார். அது 1772இல் அச்சேறியது. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, அதிலும் உணவு கொண்ட சிறிது நேரத்தில், நெஞ்செலும்பின் மீது ஒரு கொடிய நோவு பிறக்கிறது. இன்னும் ஓரடி வைத்தால் உயிரே போய்விடும் போலத் தோன்றுகிறது. நின்றுவிட்டால் அக்கணமே தொல்லை மறைகிறது. நோவு பலமுறை நெஞ்சிலிருந்து இடக்கையின் நடுப்பகுதி வரை செல்கிறது. நாள் செல்லச் செல்ல நடை மட்டுமன்றி இருமலும், விழுங்குதலும், பேச்சும், மனக்கலக்கமும் கூட அதனை எழுப்புகின்றன. இவையே அக்கட்டுரையின் சாரம். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் இதில் திருத்துவதற்கு மிகச் சிலவே உள்ளன என்பர் அறிந்தோர்.

நோய்க்கு அவர் இட்ட பெயர் 'ஆங்கினா பெக்டோரிஸ்' என்பது. இலத்தீன் மொழியில் முதற்சொல் குரல்வளையை நெரிப்பது போன்ற திணறலையும், பின்னது மார்பையும் குறிக்கும். வலி என்று சொல்லாமல் நெரிப்பு என்று சொன்னது ஏன் என்று மொழி பயிற்றுவோர் எண்ணிப் பார்த்தல் நலம். நோயாளிகள் அவரிடம் சொன்னது வெறும் வலியை அன்று. நெரிபடும் உணர்வையும் அதனோடு வந்த அச்சத்தையும் ஆகும். நம் மொழியில் 'மாரடைப்பு' என்னும் சொல்லும் மார்பையும் அடைப்பையும் சேர்த்தே சொல்கிறது. ஆயினும் இன்று அச்சொல்லை இதயத் தசைக்குக் குருதி அறவே தடைப்படும் நிலைக்கே வழங்குகிறோம். ஹெபர்டன் கண்டதோ வந்து வந்து போகும் நோவு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளல் கூடாது.

ஹெபர்டன் மற்றொன்றும் சொன்னார். இந்நோயாளிகளுக்குத் தொடக்கத்தில் மூச்சிரைப்புச் சிறிதும் இல்லை. மூச்சுத் தொல்லையினின்று இது முற்றும் வேறானது என்றார். தம் காலத்தில் கண்டதை அவர் நேர்மையாகவே எழுதினார். ஆயினும் இவ்வொரு கூற்று மூச்சையும் கைநோவையும் இருவேறு பாதைகளிற் பிரித்து வைத்துவிட்டது. அவர் மறைந்த பின் 1802இல் வெளிவந்த நூலில், தாம் கண்ட ஏறக்குறைய நூறு பேருள் மூவர் பெண்டிர், ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஏனையோர் ஐம்பதை அடுத்த அல்லது கடந்த ஆடவர் என்று கணக்கும் கொடுத்திருந்தார். நூற்றுக்கு மூவர் என்னும் இக்கணக்கைப் பின்னர் மீண்டும் காண்போம்.

ஹெபர்டனின் கட்டுரைச் சுருக்கத்தை ஓர் இதழிற் படித்த ஒருவர், 1772 ஏப்பிரலில், தம் பெயரைக் குறிப்பிடாமல் அவருக்கு ஒரு கடிதம் விடுத்தார். தமக்கு ஐம்பத்திரண்டாம் வயது நடப்பதாகவும், நடக்கும்போது இடக்கையில் நோவு வருவதாகவும், சில வேளை உடலின் இயக்கமெல்லாம் ஓரிரு நொடி நின்று மீள்வது போலத் தோன்றுவதாகவும் எழுதினார். தாம் திடீரென இறந்தால் உடலை அறுத்துப் பார்த்து உண்மை காணவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார். மூன்று வாரங்களுக்குள் அவர் இறந்தார். அந்நாளில் அறுவை அறிவில் ஒப்பற்றவரான ஜான் ஹன்டரே அவ்வுடலை ஆய்ந்தார். நோய்க்குரிய காரணம் ஒன்றும் புலப்படவில்லை. இதயத் தசைக்கே குருதி ஊட்டும் சிறு குழாய்களை அன்று எவரும் கருதிப் பார்க்கவில்லை. இறந்தவர் தம் நோயை அறிந்த அளவு அவர் உடல் அன்று பேசவில்லை என்றே சொல்லவேண்டும்.

அடுத்த ஆண்டே நோய் ஹன்டரைப் பற்றியது. 1773இல், தம் நாற்பத்தைந்தாம் வயதில், வயிற்றின் மேற்பகுதியில் கடும் நோவு கண்டார். கண்ணாடியில் முகம் பிணம்போல் வெளுத்திருந்தது, நாடி அகப்படவில்லை. மூச்சுத் தானே இயங்காது நிற்பதாக உணர்ந்து, முயன்று முயன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரத்திற்குப் பின் அது தீர்ந்தது. 1785 முதல் தொல்லை தொடர்ந்தது. அவருடைய மைத்துனரும் மாணவருமான எவரார்டு ஹோம் இதனை விரிவாக எழுதி வைத்துள்ளார். நோவு முகத்திலும் கீழ்த்தாடையிலும் தொண்டையிலும் தோன்றி, நெஞ்செலும்பிற் பரவி, இடக்கை வழியே பெருவிரலின் அடிச்சதை வரை இறங்கும். படியேறினால் வரும், மேட்டில் நடந்தால் வரும், இறங்கினால் ஒருபோதும் வாராது. தேனீக் கூட்டத்தைக் கூட்டில் அடைக்கும்போது உண்டாகும் பரபரப்பே போதும், நோவு எழும். துப்பாக்கி கொண்டு வருவதற்குள் விலங்கு தப்பிவிடுமோ என்னும் எண்ணமும் போதும். சினம் எழுந்தாலோ சொல்லவேண்டியதில்லை. ஆனால் பிறர் செய்ந்நன்றியையோ இரக்கத்தையோ எடுத்துச் சொல்லிக் கண்ணீர் விடும்போது அது வருவதில்லை! தம் உடலையே ஆய்வுப் பொருளாக்கிய அறிஞர் ஒருவர் அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்த அருமையான பதிவு இது. மருத்துவ நூல்களில் இதற்கு நிகரான பகுதிகள் சிலவே.

காரணத்தை முதலில் ஊகித்தவர், அம்மை குத்துதலால் பின்னர்ப் புகழ்பெற்ற எட்வர்டு ஜென்னர். ஹன்டரின் மாணவர் அவர். இந்நோயால் இறந்த ஒருவரின் இதயத்தை அறுக்கையில் கத்தி மண் போன்ற கடினமான பொருளில் மோதியதாம். கூரையிலிருந்து காரை உதிர்ந்து விழுந்ததோ என்று மேலே பார்த்தாராம். கூர்ந்து நோக்கியபோது, குருதி ஊட்டும் குழாய்களே எலும்புக் குழல்களாய் இறுகிக் கிடந்தன. ஜென்னர் இதை ஊரறியச் சொல்லவில்லை. சொன்னால் ஆசிரியர் தம் முடிவைத் தாமே படித்தறிய நேருமே என்னும் அச்சத்தால் வாய் மூடியிருந்தார். 1778இல் ஹெபர்டனுக்கென அவர் எழுதிய கடிதத்தில் இவ்வச்சம் புலனாகிறது. உண்மையைக் காப்பதா, ஆசிரியரைக் காப்பதா என்னும் இடர்ப்பாட்டில் மாணவர் ஆசிரியரையே காத்தார். அதனால் அறிவு சில ஆண்டுகள் காத்திருந்தது; அதற்காக ஜென்னரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. 1793 அக்டோபர் 16ஆம் நாள், இலண்டன் புனித ஜார்ஜ் மருத்துவமனைக் கூட்டமொன்றில் தம் சொல்லை ஒருவர் மறுத்துரைக்கவே, ஹன்டர் சினத்தை அடக்கியவராய் அடுத்த அறைக்குச் சென்றார். சென்றவர் அங்கேயே சாய்ந்து உயிர் நீத்தார். உடலை ஆய்ந்தபோது ஜென்னர் அஞ்சியபடியே குழாய்கள் இறுகியிருந்தன. பின்னர் 1799இல், ஜென்னரின் நண்பர் கேலப் பாரி, அவருடைய கருத்தையும் சேர்த்து நூல் வெளியிட்டார்.

கைநோவின் கதை இவ்வாறிருக்க, மூச்சிரைப்பின் கதை வேறிடத்தில் நடந்தது. பர்மிங்காமில் மருத்துவம் பார்த்த வில்லியம் விதரிங், நீர்வீக்கத்திற்கு ஒரு மூதாட்டி மறைவாக வைத்திருந்த மூலிகைக் கலவையைப் பற்றி 1775இல் கேள்வியுற்றார். இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகளுள் டிஜிட்டாலிஸ் என்னும் செடியே வேலை செய்வது என்று கண்டார். பத்தாண்டு சோதித்து 1785இல் நூல் எழுதினார். கால் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கிக் கொண்டிருந்தவர்கள் பலர் அம்மருந்தால் எழுந்து நடந்தனர். சிறுநீரைப் பெருக்குவதே அதன் பண்பு என்று விதரிங் எண்ணினார். எனினும், இதய இயக்கத்தின்மேல் வேறெம்மருந்துக்கும் இல்லாத ஆற்றல் அதற்கு உண்டு என்றும் குறித்துச் சென்றார்.

இவ்விரண்டையும் ஒரே கண்கொண்டு பார்த்தவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் மெக்கன்சி (1853–1925). வட இங்கிலாந்தில் பருத்தி ஆலைகள் நிறைந்த பர்ன்லி நகரில் அவர் 1879 முதல் குடும்ப மருத்துவராக இருந்தார். ஒரே நோயாளியைப் பல்லாண்டு தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு அத்தகையவருக்கே உண்டு. நாடியை வரையும் கருவியொன்றைத் தாமே அமைத்த அவர்தாம், இதயத்தின் ஒலி வேறுபாட்டைக் கண்டு அஞ்சுவதினும், உழைப்பு வரும்போது அவ்விதயம் எப்படித் தாங்குகிறது என்று கேட்பதே மேல் என்றார். இதயம் நோயுற்றால் கை ஏன் நோகவேண்டும் என்னும் புதிரையும் அவரும் ஹென்றி ஹெட்டும் 1893ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்தனர். இதயத்திலிருந்து நோவுணர்வைக் கொண்டுவரும் நரம்புகள் தண்டுவடத்தின் மேல்மார்புப் பகுதியில் சேர்கின்றன. கையின் உட்புறத்திலிருந்து வரும் நரம்புகளும் அவ்விடத்தை ஒட்டியே சேர்கின்றன. ஆகவே மூளை ஒன்றின் குரலை மற்றொன்றின் குரலாகக் கொள்கிறது. மெக்கன்சிக்கும் பின்னாளில் இதே நெஞ்சு நோய் வந்தது என்பது வியப்பும் வருத்தமும் தருவது.

இதன் பின் அன்றாடச் செயல்களே அளவுகோலாயின. 1928இல் நியூயார்க் இதயச் சங்கம் நோயாளிகளை நான்கு படிகளாக வகுத்தது. வழக்கமான வேலையால் இரைப்பும் சோர்வும் வாராதவர் முதற்படி. வழக்கமான வேலையில் வருவோர் இரண்டாம் படி. அதனினும் குறைந்த வேலையிலேயே வருவோர் மூன்றாம் படி. ஓய்வாக இருக்கும்போதும் வருவோர் நான்காம் படி. 1929இல் ஆர்தர் மாஸ்டர் என்பார் இரண்டே படிகள் கொண்ட சிறு ஏணியில் நோயாளியை ஏறி இறங்கச் செய்து சோதித்தார். ஹன்டருக்குத் தொல்லை தந்த மாடிப்படியே சோதனைச் சாலைக்குள் வந்து சேர்ந்தது என்க.

இனிக் கைச் சோர்வு. ஹன்டரின் கைநோவு நரம்பு வழி வந்தது. துணியைப் பிழிந்து கொடியில் போடும்போதும், தலை வாரும்போதும், மேல் தட்டிலிருந்து பாத்திரம் எடுக்கும்போதும் கை கனத்துத் தளர்ந்து விழுவது வேறு. இதயம் தளர்ந்தவர்க்குத் தசைகளுக்குச் செல்லும் குருதி குறைகிறது. நாளடைவில் தசைகளும் மெலிகின்றன. அன்றியும், ஒரே அளவு வேலையைக் காலால் செய்வதினும் கையால் செய்யும்போது இதயத் துடிப்பும் குருதியழுத்தமும் மிகுதியாக உயர்கின்றன. ஆதலால், சமதரையில் இடரின்றி நடப்பவரும் கை உயர்த்திச் செய்யும் வேலையில் மூச்சு வாங்கி நிற்பதுண்டு. அதைச் சோம்பல் என்றோ வயது என்றோ வீட்டார் தள்ளிவிடுகின்றனர்.

இங்கே ஹெபர்டனின் மூவர் நினைவுக்கு வருகின்றனர். பெண்டிர்க்கு இந்நோய் அரிது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இன்று அறிவது வேறு: இதய நோயால் பெண்டிரும் பெருந்தொகையாக இறக்கின்றனர், நெஞ்சுநோவுடனோ, அஃது இல்லாமலோ, இரைப்பும் காரணமற்ற சோர்வும் அவர்க்கு ஆடவரினும் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஹெபர்டன் வேறென்று பிரித்த அந்த மூச்சிரைப்பே சிலருக்கு ஒரே அடையாளமாக நிற்கிறது. படிக்கட்டைப் பற்றிக் கேட்ட மருத்துவர்கள் துணிக்கொடியைப் பற்றியும் கேட்டிருந்தால் அவருடைய கணக்கு மாறியிருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஹெபர்டன் நூலில் இன்னொரு குறிப்பு உண்டு. இந்நோயுற்ற ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதைக் கடமையாகக் கொண்டு ஏறக்குறையக் குணமடைந்தார் என்பது அது. அறுப்பது கைவேலை என்பதைக் கவனிக்க. நோயாளியைக் கட்டிலிலேயே கிடத்தி வைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவமனைகளில் இருந்தது. பின்னர் அது தளர்ந்து, இப்போது மருத்துவர் கண்காணிப்பில் நடையும், கைகளுக்கு இலேசான எடைப் பயிற்சியும் சிறிது சிறிதாகக் கூட்டித் தரப்படுகின்றன.