கல்வேலியில் பெண்களின் பெயர்கள்

சாஞ்சிக்குப் போகிறவர்கள் கிழக்குத் தோரணத்தின் முன் தவறாமல் நிற்பார்கள். மாமரக் கிளையைப் பற்றியபடி சாய்ந்து நிற்கும் யட்சி அங்கேதான் இருக்கிறாள். நான் போன நாளிலும் வழிகாட்டி ஒருவர் அவளுடைய இடையையும் மார்பையும் பற்றி நெடுநேரம் பேசினார். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குச் சில அடி தள்ளி, ஸ்தூபியைச் சுற்றிய கல்வேலியில் பெண்களின் பெயர்கள் இருப்பதை அவர் சொல்லவில்லை.

அசோகர் காலத்தில் செங்கல்லால் எழுந்த ஸ்தூபி இது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கல் போர்த்திப் பெரிதாக்கினார்கள். அதற்கான தூண்களையும் குறுக்குக் கற்களையும் தளக் கற்களையும் தந்தவர்கள் அரசர்கள் அல்ல. வணிகர்கள், கைவினைஞர்கள், இல்லத்தரசிகள், பிக்குகள், பிக்குணிகள். தந்தவரின் பெயரும் பல இடங்களில் ஊரும், முடிவில் 'தானம்' என்ற சொல்லும் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

இல்லறப் பெண்கள் சிலர் இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்றே தெரிகிறார்கள். பிக்குணிகள் பெரும்பாலும் அப்படியில்லை. தன் பெயர், தன் ஊர், அவ்வளவுதான். தானம் தந்த துறவிகளில் பிக்குணிகளின் எண்ணிக்கை பிக்குகளுக்கு ஏறக்குறைய சமம்.

இதே பிக்குணிகளுக்குத்தான் சங்கம் எட்டுக் கடுமையான விதிகளை வைத்திருந்தது. துறவேற்று நூறாண்டு ஆன பிக்குணியும் அன்று துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது அவற்றில் முதலாவது. நூல் அவளைக் கீழே நிறுத்துகிறது. கல்லோ, அவள் கையில் கொடுக்கப் பொருள் இருந்தது, கொடுப்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் இருந்தது என்கிறது. விதிகளை மட்டும் படித்து எழுதிய வரலாற்றில் இந்தப் பெண் இல்லை.

1837இல் ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியின் இந்தச் சிறு வரிகள் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். அது 'தானம்' என்ற சொல்லாக இருக்கலாம் என்று ஊகித்தார். பிராமியை வாசிக்க வழி திறந்தது; அசோகரின் ஆணைகள் பேசத் தொடங்கின. பேரரசரை நாம் வாசிப்பதற்கு உதவிய வரிகளில் பெண்களின் வரிகளும் உண்டு. பாடப்புத்தகத்தில் பிரின்செப் இருக்கிறார், அசோகர் இருக்கிறார்.

இலங்கைக்குப் பிக்குணி மரபைக் கொண்டுசென்ற சங்கமித்தையின் தாய், சாஞ்சிக்குப் பக்கத்திலுள்ள விதிஷாவைச் சேர்ந்தவர் என்கிறது அந்நாட்டு மரபு. அங்கே 11ஆம் நூற்றாண்டளவில் பிக்குணி சங்கம் அற்றுப்போனது. 1996இல் சாரநாத்தில் இலங்கைப் பெண்கள் பத்துப் பேர் மீண்டும் பிக்குணிகளாகத் துறவேற்றார்கள். மரபு அறுந்துவிட்டது, இனிக் கூடாது என்று எதிர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நீங்கள் போனால் யட்சியைப் பாருங்கள், அழகான சிற்பம்தான். போகும் முன் பிராமியில் 'தா', 'நம்' என்ற இரண்டு எழுத்துகளையும் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். வேலியைச் சுற்றி வரும்போது வழிகாட்டி இல்லாமலே அவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். அவற்றுக்கு முன்னால் இருப்பது ஒரு பெயர்.