உதிரப்பட்டி முதல் குடும்ப ஓய்வூதியம் வரை

 கொஞ்சம் நீளமான பதிவு. காவல் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கடைசி வரை படிக்க வேண்டும்.

ஆண்டுதோறும் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-இல் அந்த நாளில்தான் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் தாக்கியதில் நம் காவலர்கள் 10 பேர் உயிரிழந்தார்கள். அன்று மலர் வளையம் வைக்கிறோம், குண்டு முழங்க மரியாதை செய்கிறோம். ஆனால் இறந்தவர் வீட்டில் அடுப்பு எரிய என்ன வழி? நம் மண்ணில் இந்தக் கேள்வி மிகப் பழையது.

கல்வராயன் மலைக்கு வடக்கே, தென்பெண்ணையைத் தாண்டினால் செங்கம் வட்டாரம். அங்கே கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாகவே வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர் நடுகல் புகழ்பெற்றது. காலம் முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சி. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. திருடனைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் அதில் பொறித்திருக்கிறார்கள். அன்றைக்கு ஊரின் செல்வம் மாடுதான். அதைக் கவர வருபவர்களைத் தடுத்து நின்றவன்தான் ஊருக்குக் காவலன்.

கல்லோடு கடமை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. தமிழகக் கல்வெட்டுகளில் 'உதிரப்பட்டி' என்று ஒரு சொல் வருகிறது. 'நெய்த்தோர்பட்டி' என்றும் சொல்வார்கள். நெய்த்தோர் என்றாலும் குருதிதான். ஊருக்காக உயிர் விட்டவனின் குடும்பத்துக்குக் கொடுத்த நிலம் அது. கன்னட நாட்டிலும் 'நெத்தரு கொடகெ' என்று இதே வழக்கம் இருந்தது. கொடுத்தது நிலமாக இருந்ததால் மனைவி உழுவித்துப் பிழைக்கலாம், மகன் வளர்ந்து தானே உழலாம். கல்லில் வெட்டிவிட்டதால் பின்னால் வருபவர் இல்லை என்று சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு குறை உண்டு. இந்தக் கொடை களத்தில் வெட்டுப்பட்டு இறந்தவனுக்குத்தான். காய்ச்சலில் இறந்த காவல்காரனின் வீட்டுக்கு யார் கல் நட்டார்கள்?

சோழர் காலத்தில் ஊர்க்காவலுக்குப் 'பாடிகாவல்' என்று வரியே இருந்தது. ஆங்கிலேயர் 1859-இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் கொண்டுவந்து, சம்பளம் வாங்கும் சீருடைக் காவலரை ஏற்படுத்தினார்கள். பணியின் ஆபத்தால் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 'அசாதாரண ஓய்வூதியம்' என்று ஒரு விதியும் பின்னர் வந்தது. உதிரப்பட்டியின் வேறு வடிவம் என்றே இதைச் சொல்லலாம்.

பெரிய மாற்றம் 1964-இல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டம். அரசு ஊழியர் எப்படி இறந்தார் என்று கேட்காமல், யாரை விட்டுச் சென்றார் என்று மட்டும் கேட்ட திட்டம் அது. மாரடைப்பில் இறந்த ஏட்டய்யாவின் மனைவிக்கும் மாதாமாதம் பணம் வந்தது. முதல் சில ஆண்டுகள் கூடுதல் விகிதம், அதன் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. 1972-இல் கருணை அடிப்படையில் வாரிசுக்கு வேலை தரும் அரசாணை வந்தது. 1970-களிலேயே குடும்பப் பாதுகாப்பு நிதியும் வந்தது. ஆசிரியர்களான எங்கள் சம்பளத்திலும் அதற்குப் பிடித்தம் உண்டு. இன்று மாதம் 110 ரூபாய் பிடித்து, பணியில் இறந்தால் 5 லட்சம் தருகிறார்கள்.

2003 ஏப்ரல் 1 முதல் வேலையில் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தார்கள். பழைய முறைப்படியான குடும்ப ஓய்வூதியம் அந்தத் திட்டத்தில் இல்லை. அதன் பாரம் இளம் விதவைகள் தலையில்தான் விழுந்தது.

இப்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2021 நவம்பர் 21 விடியற்காலை. திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிச் சென்றவர்களைப் புதுக்கோட்டை மாவட்டம் வரை துரத்திப் பிடித்தார். அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். எருமை காத்து இறந்த கருந்தேவகத்தி என் நினைவுக்கு வந்தான். பூமிநாதன் குடும்பத்துக்கு முதலமைச்சர் ஒரு கோடி ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தார். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட வில்சன் குடும்பத்துக்கும் ஒரு கோடி அறிவிக்கப்பட்டது. கொடுக்க வேண்டியதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இரவு ரோந்தும் பந்தோபஸ்தும் பார்த்துப் பார்த்துச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வாங்கிக்கொண்டு 45 வயதில் சாயும் காவலருக்கு அப்படி அறிவிப்பு வருவதில்லை. சாராய வேட்டைக்குக் கல்வராயன் மலையின் ஓடைகளில் ஏறி இறங்கியவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் குடும்பத்துக்கு இருப்பது விதிகள் மட்டும்தான். அந்த விதிகளும் காகிதம் சரியாக இருந்தால்தான் கைகொடுக்கும்.

மலையில் இது இன்னும் கடினம். 1976 வரை கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. பட்டாவும் பதிவேடும் கீழ்நாட்டுக்கு வந்து வெகுகாலம் கழித்தே மேலே போயின. பிறப்புச் சான்றும் திருமணப் பதிவும் இல்லாத குடும்பங்கள் பல. கணவனை இழந்த பெண் கைக்குழந்தையோடு வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து எத்தனை அலுவலகப் படி ஏறுவாள்?

அதனால் பிள்ளைகளே, இவற்றை இந்த வாரமே செய்யுங்கள். பணிப்பதிவேட்டில் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயர்கள் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். திருமணத்துக்கு முன் கொடுத்த நியமனத்தை மாற்றினீர்களா? ஆதாரில் ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். 2025 மே மாதம் அரசு ஏழு வங்கிகளோடு செய்த ஒப்பந்தப்படி, விபத்தில் இறந்தால் ஒரு கோடி, இயல்பாக இறந்தாலும் 10 லட்சம் காப்பீடு உண்டு. உங்கள் சம்பளக் கணக்கு அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். இந்த விவரங்களை ஒரு நோட்டில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். "அபசகுனமாகப் பேசாதீங்க" என்பார்கள். பரவாயில்லை, கொடுங்கள்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. கருணை வேலைக்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்திலும் சொத்துச் சண்டையிலும் அந்தக் காலம் ஓடிவிடும். காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றுக்கு அந்தப் பெண்ணைத் தாசில்தார் அலுவலகத்துக்கு யாராவது ஒருவர் அழைத்துச் செல்லுங்கள். ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த காவலர்கள் தங்களுக்குள் ஆளுக்குச் சில நூறு ரூபாய் போட்டு, இறந்த நண்பரின் குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் செய்தியை அடிக்கடி படிக்கிறேன். ஊர் கூடி நிலம் கொடுத்த வழக்கம் இன்று அவர்களிடம்தான் மிச்சமிருக்கிறது.

விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டாவது எழுதித் தருகிறேன். காவல் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைப் பகிருங்கள். எல்லோரும் நலமோடு இருங்கள்.